ஒரு ரூபாய் வராத காலை

சித்தூர்
18.11.2024

என் தங்கச்சி யசோதாவுக்கு,

அக்கா காஞ்சனா எழுதுகிறேன். எனக்கும் உன் மாமாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி, உன் வீட்டுக்காரரின் சர்க்கரை, சுமித்ராவின் தலைவலி எல்லாம் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று ஒன்றுவிடாமல் எழுது.

கவரைப் பார்த்ததும் பாங்க் நோட்டீஸோ என்று பயந்திருப்பாய். என்ன செய்வது, வேறு வழியை உன் மாமா அடைத்துவிட்டாரே. விநாயக சவிதி அன்று காணிப்பாக்கத்துப் பிள்ளையார் கோயிலில் அவர் செய்த சத்தியத்தை ஊரே பேசியது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை கேட்டவள் நான்தான். குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு சாமி எதிரில் நின்று சொன்னார்: “செவப்பு போர்டு தொங்குற எந்த வாசலையும் நானும் என் வூட்டாளுங்களும் மிதிக்க மாட்டோம். போர்டு தொங்குற வரைக்கும் அந்த வூட்டாளுங்களோட நேர்லயும் பேச மாட்டோம், போன்லயும் பேச மாட்டோம்.”

அவர் கோபமும் சும்மா வந்ததில்லை. இருவரும் ஒரே பைக்கில் போய் ரீசார்ஜ் கார்டு விற்றவர்கள். உன் வீட்டுக்காரர் சிவப்புக் கம்பெனிக்கு ஏஜென்ட் ஆனார், இவர் மஞ்சள் கம்பெனிக்கு. கார்டு மெஷினும் பணம் வந்தால் கத்துகிற பெட்டியும் கடைகளில் வைக்கிற ஒரே தொழில்தான். அதில் உன் வீட்டுக்காரர் காணிப்பாக்கம் கோயில் வீதி முழுக்க ‘எங்கள் மெஷின் மட்டும்தான்’ என்று கையெழுத்து வாங்கி, இவர் வைத்த மெஷின்களை மூட்டையாகக் கட்டி எங்கள் வாசலில் இறக்கச் சொன்னார். மூட்டையைப் பார்த்த இவர் நேராகக் குளத்துக்குப் போய்விட்டார்.

சத்தியம் தவறினவரைச் சும்மா விடாத காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன் செய்ததை மீற எனக்கு நெஞ்சில் தைரியம் இல்லை. ஆனால் யசோதா, கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை! உலகத்தில் கடிதம் என்று ஒன்று இருப்பதே மனுஷனுக்கு அன்று ஞாபகம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

உன் வயிற்றில் பிறந்தாலும் மூன்று வருஷம் என்னோடு இருந்து காலேஜ் படித்த பெண் சுமித்ரா. கண்ணாடியில் அவள் ஒட்டிய பொட்டுகள் அப்படியே இருக்கின்றன. துடைக்க மனம் வரவில்லை.

பதிலை எதிர்வீட்டுக் கமலம்மா பேருக்குப் போடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிற
அக்கா காஞ்சனா


திருப்பதி
3.12.2024

அக்காவுக்கு யசோதாவின் வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் அழுகிறது. உன் பி.பி. மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா?

உன் கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவரே இவர்தான். உன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன. மேஜைமேல் வைத்துவிட்டு, “டீ ஆச்சா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

நான் அதைச் சமையலறையில் நின்று மூன்று தடவை படித்தேன். பாகாலா ஜங்ஷன்தான் கண்முன் வந்தது. சின்ன வயதில் நம் நைனா தயிர்சாதக் கூடையை இறக்கியதும் நான் ரயில் ஜன்னல் ஜன்னலாக மந்தார இலைப் பொட்டலம் நீட்டுவேன். நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சில்லறையோடு பின்னால் வருவாய். வண்டி நகர்ந்தால் நைனா ஒரே சத்தம்தான் போடுவார்: “காஞ்சனா, ஓடு!” மீதிச் சில்லறையைப் பிரயாணி கையில் வைக்காமல் நீ நின்றதே இல்லை. பிளாட்பாரம் முடிந்து ஜல்லியிலும் ஓடுவாய். நீ திரும்பி வரும்வரை நான் கூடைப் பக்கத்தில் நின்று வழியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடிதம் வந்து சேர ஒரு வாரம் ஆகிறது. போன வருஷம் தலைசுற்றி விழுந்தாயே, அப்படி மறுபடி ஆனால் எனக்கு யார் சொல்வார்கள்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பாங்க்கில் இ-ரூபாய் என்று ஒன்று தருகிறார்கள். போனுக்குள் ஒரு பர்ஸ் மாதிரி. அதில் ஏற்றும்போது மட்டும்தான் பாங்க் மெசேஜ் வரும். அதற்குப் பிறகு நீ யாருக்குக் கொடுத்தாலும் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. எங்கள் வீட்டில் இருக்கிற பெட்டியின் க்யூஆர் படத்தை இதோடு அச்சடித்து வைத்திருக்கிறேன். தினமும் அதை ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பு. பெட்டி கத்தினால் என் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

இது பேச்சில் சேராது அக்கா. பெட்டிதானே பேசுகிறது.

உன் தங்கை
யசோதா


சித்தூர்
22.12.2024

யசோதாவுக்கு அக்காவின் ஆசி.

நலம். மாத்திரை போடுகிறேன், பயப்படாதே.

நீ சொன்ன பர்ஸைக் கமலம்மா மகள் காவ்யா என் போனில் வைத்துக் கொடுத்தாள். ரூபாய் நோட்டு மாதிரியே படம் போட்டிருக்கிறது, பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. உன் மாமா சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே என் போனுக்கு வந்த பாங்க் மெசேஜ்களை நியூஸ் மாதிரி உரக்கப் படிக்கிற பழக்கத்தை இன்னும் விடவில்லை. பர்ஸில் பணம் ஏற்றிய மெசேஜைப் படித்துவிட்டு, “இது இன்னாது?” என்றார். கோயில் செலவு என்றேன். பொய் இல்லையே, உன் ஊரும் கோயில் ஊர்தானே. அதற்குப் பிறகு அனுப்பியது எதுவும் அவர் நியூஸில் வரவில்லை. நோட்டாக இருந்தால் எண்ணிப் பார்ப்பார், பாங்க்கில் இருந்தால் படித்துப் பார்ப்பார். இரண்டிலும் சேராத காசு பெண்களுக்கென்றே வந்த மாதிரி இருக்கிறது.

பத்து மணிக்குப் பூஜை முடித்துவிட்டு ஒரு ரூபாய் அனுப்புகிறேன். அங்கே கேட்கிறதா?

பாகாலாவைப் பற்றி எழுதி என்னை ஒருநாள் முழுக்க வேலை செய்யவிடாமல் பண்ணிவிட்டாய். நீ பொட்டலம் கொடுக்கும்போது ஊறுகாயை இரண்டு தடவை வைத்துவிடுவாய், நைனா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். அது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

அன்புடன்
காஞ்சனா


திருப்பதி
17.1.2025

அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் இல்லாமல் பொங்கின முதல் பொங்கல் இது. அதைத் தவிர எல்லோரும் சுகம்.

கேட்கிறது அக்கா, நன்றாகக் கேட்கிறது! பத்து மணி ஆனதும் பெட்டி, “ஒக்க ரூபாயி அந்திந்தி” என்று தெலுங்கில் கத்துகிறது. முதல் நாள் நான் ஓடிவந்து அதன் முன்னால் நின்று அழுதுவிட்டேன். இவர், “ஒத்த ரூபாக்கு எவன்டா ஸ்கேன் பண்றான்” என்று வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. இப்போது பழகிவிட்டார், கேட்பதில்லை.

நானும் மாமாவின் மஞ்சள் பெட்டிக்குத் தினமும் ஒரு ரூபாய் அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன். என்ன சொல்கிறார்?

பெரிய விஷயம் இனிமேல்தான். சுமித்ராவுக்கு வரன் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை பவன்குமார், குப்பத்துக்காரர், கிரானைட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறார்கள், சண்டை போட வசதி. ஆவணியில் கல்யாணம். ஆகஸ்ட் கடைசியில் வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் பந்தக்கால், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

சுமித்ரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பெரியம்மா வருவாங்களா?” என்றாள். மாப்பிள்ளை போட்டோவைக்கூட அதற்குப் பிறகுதான் பார்த்தாள். அவளுக்கு என்ன சொல்லட்டும் அக்கா? பந்தக்காலுக்கு மஞ்சள் பூசுகிற கை உன்னுடையதாக இல்லாவிட்டால் எனக்கு அந்தக் கல்யாணமே பாதிதான்.

யசோதா


சித்தூர்
20.3.2025

யசோதாவுக்கு,

நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, வேலை கொஞ்சம் அதிகம்.

கல்யாணச் செய்தி கேட்டு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் சுமித்ராவுக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

உன் ரூபாய்க்கு உன் மாமா சொல்கிற விளக்கத்தைக் கேள். “பாத்தியா, நம்ம கம்பெனி தெனம் ஒரு ரூபா போட்டு டெஸ்ட் பண்ணிக்கினு கீது. செவப்புக் கம்பெனி இப்படிப் பண்ணுமா?” என்கிறார். நான் புடவையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கோயில் வீதியில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கார்டு கொடுக்கிற பாங்க்குகள் ‘இந்த நெட்வொர்க் கார்டுதான்’ என்று தலையில் கட்டக் கூடாது, எது வேண்டுமென்று வாங்குகிறவரையே கேட்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் சொல்லியிருக்கிறதாமே. அதை யாரோ பேப்பரில் படித்துக் காட்ட, தேங்காய்க்கடை ரங்கையா பிடித்துக்கொண்டார். “கார்டு வாங்குறவனுக்கே கட்டு இல்லன்னா, கடை வச்சிருக்கிற எனக்கு எதுக்குக் கட்டு? ரெண்டு பொட்டியும் வைய்யி” என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கேட்டாராம். அவரைப் பார்த்து வீதியே கேட்க, மஞ்சள் மெஷின்கள் கடைகளுக்கே திரும்பிப் போய்விட்டன. இப்போது ஒவ்வொரு கடையிலும் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு சண்டையும் இல்லை.

நமக்கும் யாராவது அப்படி ஓர் உத்தரவு போட்டால் நன்றாக இருக்கும். கல்யாணத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்தாதே யசோதா. சிவப்பு போர்டு உன் வாசலில்தான் தொங்குகிறது. சொன்ன இடம் காணிப்பாக்கம். வராமல் இருப்பது எனக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியும்.

காஞ்சனா


திருப்பதி
4.4.2025

அக்கா,

எல்லோரும் நலம். உன்னை ஒன்று கேட்கப் போகிறேன், மழுப்பாமல் பதில் சொல்.

உன் ஒரு ரூபாய் பத்து மணிக்கு வந்துகொண்டிருந்தது. மாசி முடிந்ததிலிருந்து நாலரை மணிக்கு வருகிறது. முதல் நாள் விடியுமுன் பெட்டி கத்தியதும் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மாடியிலிருந்து விழுந்தடித்து இறங்கினேன். இப்போது பெட்டியைத் தூக்கி வந்து அடுப்பு மேடையில் வைத்துக்கொள்கிறேன். ஏழு மணிக்கு முன்னால் கண் திறக்காத அக்கா நீ. கல்யாணமான புதிதில் உன் மாமியார் உன்னைத் தண்ணீர் தெளித்து எழுப்பிய கதையை நீயே சொல்லியிருக்கிறாய். அந்த நேரத்தில் குளித்து, பூஜையும் முடித்துவிட்டு எங்கே போகிறாய்?

போன கடிதத்தில் ‘வேலை அதிகம்’ என்று எழுதினாய். என்ன வேலை என்று எழுதவில்லை. மெஷின் திரும்பிப் போனதை எழுதினாய், மாமா சந்தோஷமாக இருக்கிறார் என்று எழுதவில்லை.

இவருக்கும் முகம் சரியில்லை. இரண்டு கம்பெனியும் கடைக்காரர்களுக்கு மெஷின் இலவசம், வாடகை இலவசம் என்று போட்டி போடுகின்றன. அந்த இலவசமெல்லாம் ஏஜென்ட் கமிஷனிலிருந்துதான் போகிறது. இங்கேயே இப்படி என்றால் அங்கே எப்படி?

பாகாலாவில் காலில் ஜல்லி குத்தி ரத்தம் வந்தபோதும், “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றவள் நீ. எனக்கு உன்னைத் தெரியும்.

யசோதா


சித்தூர்
2.5.2025

யசோதாவுக்கு,

நீ ஒரு சி.ஐ.டி. வேலைக்குப் போயிருக்கலாம்.

சரி, சொல்கிறேன். மெஷின் திரும்பிப் போனது, கமிஷன் திரும்பி வரவில்லை. தையிலிருந்தே உன் மாமா கையில் ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் பார்த்தேன். பிறகு மந்தார இலை வாங்கிவந்து தயிர்சாதம் கட்ட ஆரம்பித்தேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் முதல் திருப்பதி பஸ்ஸிலிருந்து ஒன்பது மணி பஸ் வரைக்கும் விற்கிறேன். உன்னிடம் சொன்னால் பணம் அனுப்புவாய், உன் வீட்டுக்காரருக்குத் தெரியும், உன் மாமாவுக்கு அது இன்னொரு குளம் ஆகிவிடும். அதனால்தான் சொல்லவில்லை.

பரிதாபப்படாதே. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது. பஸ் ஜன்னலில் பொட்டலத்தை நீட்டும்போது எனக்குப் பதிமூன்று வயது ஆகிவிடுகிறது. இப்போது சில்லறை கொடுத்து ஓட வேண்டாம். என் கழுத்தில் தொங்குகிற அட்டையை ஜன்னலிலிருந்தே ஸ்கேன் செய்கிறார்கள். நேற்று ஒரு பெண்ணுக்கு சிக்னல் கிடைக்கவில்லை, போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, பஸ் நகர்ந்துவிட்டது. “துன்னும்மா, போ” என்று கையசைத்தேன். அரை மணி கழித்துக் காசு வந்தது. பஸ் அந்த நேரத்தில் பாகாலா பக்கம் போயிருக்கும். அங்கே சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாக அனுப்பியிருக்கிறாள். பாகாலாவிலிருந்து எனக்கு வந்த சில்லறை யசோதா! ஸ்டாண்டில் நின்று சிரித்தேன், பக்கத்துப் பூக்காரி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

ஒன்றுதான் வருத்தம். பணம் வந்ததா என்று தெரிய அந்த மஞ்சள் பெட்டி இருந்தால் நன்றாக இருக்கும். கேட்டால் உன் மாமா தர மாட்டேன் என்கிறார். “அது வூட்லயே இருக்கட்டும்” என்கிறார். வியாபாரமே இல்லாத வீட்டில் அது யாருக்காகக் கத்த வேண்டும்? தினமும் துடைத்துச் சார்ஜ் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வெளியே எங்கும் போவதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

காஞ்சனா


திருப்பதி
21.6.2025

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று தயிர்சாதம் பிசைந்தேன், சாப்பிட முடியவில்லை. நீ விற்பதற்காக அழவில்லை. பொட்டலம் கொடுக்கிற வேலை என்னுடையது, அதையும் நீயே தனியாகச் செய்கிறாயே என்றுதான்.

உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். சிவப்புக் கம்பெனி மஞ்சள் கம்பெனியை வாங்கிவிட்டது. மேலிடத்து அனுமதியும் கிடைத்துவிட்டதாம். இனி எல்லா ஏஜென்ட் வாசலிலும் சிவப்பு போர்டுதான். அடித்துக்கொண்டவர்கள் ஹைதராபாத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்து கேக் வெட்டுகிற போட்டோ இவர் போனுக்கு வந்தது. அதை என்னிடம் நீட்டினார். பிறகு, “நாங்க ரெண்டு பேரும் எதுக்குடி சண்ட போட்டோம்?” என்று கேட்டார். உனக்குத் தெரிந்தால் எழுது.

பத்திரிகை அச்சாகிவிட்டது. உங்கள் பேர் முதலில் போட்டிருக்கிறது. அதை அச்சுக்காரரிடம் எழுதிக் கொடுத்தவர் இவர்தான், நான் சொல்லவில்லை. மாமா பேருக்கு ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். எப்படிக் கொடுப்பது?

யசோதா


சித்தூர்
14.7.2025

யசோதாவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை ஏன் எழுதுகிறேன் என்று படித்தால் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காலிக் கூடையோடு வீட்டுக்கு வருகிறேன், உன் மாமா தெருவில் நிற்கிறார். டீக்கடைக்குப் போன நேரத்தில் கம்பெனி ஆள் வந்து போர்டு அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

“ஏன் வெளிய நிக்கிறீங்க?”

“மேல பாரு.”

பார்த்தேன். எங்கள் வாசல் மேலே, குங்குமம் மாதிரி, பளபளவென்று சிவப்பு போர்டு!

“எந்த வாசலையும்னு சொன்னீங்களா?” என்றேன்.

“சொன்னேன்.”

“வூட்டாளுங்களும்னு?”

“அதயுந்தான் சொன்னேன்” என்றார். முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கமலம்மா சிரித்துச் சிரித்து இரும ஆரம்பித்துவிட்டார். “சாமிக்குத் தெரியாதா எந்த வாசல்னு, உள்ள போங்கய்யா” என்றார். இவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. என் தங்கை வாசலுக்கு ஒரு நியாயம், என் வாசலுக்கு வேறு நியாயமா? கமலம்மா வீட்டில்தான் மதியம் சாப்பிட்டோம். எங்கள் வீட்டுக்குள் குக்கர் கழுவாமல் கிடந்தது. பத்து மணிக்கு மஞ்சள் பெட்டி உள்ளே கத்தியது ஜன்னல் வழியாகக் கேட்டதாம், அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பொழுது சாய்ந்தது. போர்டு மாட்டாவிட்டால் ஏஜென்சி கிடையாது என்று காகிதத்தில் இருக்கிறது. இவருக்கு அது தெரியும். என்னிடம் மெதுவாகக் கேட்டார், “கழட்டிட்டா அப்புறம் நான் யாரு காஞ்சனா?”

“தயிர்சாதக்காரி வூட்டுக்காரர்” என்றேன்.

கமலம்மா வீட்டுக் கடப்பாரையை வாங்கிக்கொண்டு போய் போர்டைப் பெயர்த்து எடுத்தார். மறுநாள் மெஷின்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது நாலு மணிக்கு எனக்கு முன்னால் எழுந்து இலை துடைக்கிறார். பஸ் நகர்ந்தால் ஓடுகிறவரும் அவர்தான். தொந்தியோடு ஓடுகிறதை நீ பார்க்க வேண்டும்.

ஆனால் உன் வாசல் போர்டு உன் வாசலில்தான் இருக்கிறது. அதை மறந்துவிட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை.

காஞ்சனா


சித்தூர்
2.8.2025

சகலை சுதீருக்கு,

கன்னையா எழுதுவது. நலம். உன் சர்க்கரை குறைந்ததா?

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. போனில் பேசக் கூடாது என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை என்பது காஞ்சனாவைப் பார்த்துத்தான் தெரிந்தது. கமலம்மா வீட்டுக்கு மாதாமாதம் திருப்பதிக் கவர் வந்தால் எனக்குத் தெரியாதா.

உங்கள் வீட்டிலிருந்து தினமும் என் பெட்டிக்கு ஒரு ரூபாய் வருகிறது. கம்பெனி டெஸ்ட் செய்கிறது என்று காஞ்சனாவிடம் சொல்லிவந்தேன். பணம் போட்டவர் பேர் ஏஜென்ட்டுக்குத் தெரியாமல் போகுமா? முதல் நாளே யசோதா பேரைப் பார்த்துவிட்டேன். வியாபாரம் படுத்த பிறகு என் வீட்டில் கேட்ட ஒரே நல்ல சத்தம் அதுதான். அது நின்றுவிடக் கூடாது என்றுதான் தினமும் சார்ஜ் போட்டேன். கம்பெனி பெட்டியைத் திருப்பிக் கேட்டபோது, தயிர்சாத வியாபாரத்துக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வைத்துக்கொண்டேன்.

சத்தியத்தை உடைக்க மாட்டேன். உன்னை போர்டைக் கழட்டு என்றும் கேட்க மாட்டேன். அது உன் அடுப்பு எரிகிற வழி. நான் கழட்டியது என் இஷ்டம்.

சுமித்ராவை மூன்று வருஷம் காலேஜுக்கு பைக்கில் கொண்டுபோய் விட்டவன் நான். கல்யாணத்தன்று உன் வீட்டுக்கு எதிர் பிளாட்பாரத்தில் நானும் காஞ்சனாவும் நின்றுகொள்கிறோம். குப்பம் திரும்புகிற மாப்பிள்ளை வீட்டாருக்கு வழிக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருகிறோம். யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள். பெண் படி இறங்கும்போது ஒரு தடவை பார்த்தால் போதும்.

கன்னையா


திருப்பதி
12.8.2025

அக்கா,

சுகம். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

மாமாவின் கடிதத்தை இவர் வாசலில் நின்றே படித்தார். படித்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம். போய்ப் பார்த்தால் ஏணிமேல் நிற்கிறார், லேசாகத் தூறுகிறது, ஸ்குரூ துருப்பிடித்து வரமாட்டேன் என்கிறது. சுமித்ரா ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினேன்.

மானேஜர் போனில் கத்தினார். போர்டு வாசலில் இல்லாவிட்டால் ஏஜென்சியை ரத்து செய்வோம் என்றார். இவர், “பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரூம் பாத்துட்டேன் சார், அங்க மாட்டிக்கிறேன். வூட்டு வாசல்ல வூட்டாளுங்க வரணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த ரூமுக்கு வாடகை கொடுத்தால் மாதக் கடைசியில் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. அதைப் பற்றி இன்று பேச வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம்.

சுவரில் போர்டு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அங்கே மாவிலை கட்டப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பந்தக்கால். மஞ்சள் அரைத்து வைத்திருக்கிறேன். வா அக்கா.

யசோதா


சித்தூர்
20.8.2025

என் யசோதாவுக்கு,

உன் கடிதத்தைக் கமலம்மா வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு உன் மாமாவிடம் கொடுத்தேன். படித்தார். “துரு ஏறின ஸ்குரூ, அவனுக்குக் கழட்டத் தெரியாது. கைய கிழிச்சிக்கினு இருப்பான்” என்றார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு காணிப்பாக்கத்துக்குப் போய்விட்டார். சொன்ன சொல் முடிந்தது என்று சாமிக்குச் சொல்லாமல் உங்கள் வாசலுக்கு வர மாட்டாராம். வரும்போது மூன்று தேங்காய் மூடியும் ஈரத் தலையுமாக வந்தார். ரங்கையா தேங்காய்க்குக் காசு வாங்கவில்லையாம்.

இனிமேல் போனில் பேசலாம் அல்லவா? நேற்று உன் நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் கட் செய்துவிட்டேன். ஒரு வருஷம் ஆகப் போகிறது, முதல் பேச்சு போனில் வேண்டாம் யசோதா. எனக்கு உன் முகம் வேண்டும். அதனால்தான் இந்தக் கடைசிக் கடிதம்.

சுமித்ராவுக்கு வளையலும், மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு கூடை தயிர்சாதமும் கொண்டுவருகிறேன். ஊறுகாய் நீதான் வைக்க வேண்டும், இரண்டு தடவை வைத்தாலும் இந்த முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். பந்தக்கால் வெள்ளிக்கிழமையன்று நாலரை மணிக்கு உன் அடுப்பு மேடையில் பெட்டி கத்தாது. ஒரு ரூபாய் வராது. அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து ஓடி வராதே, உன் முழங்கால் தாங்காது.

கதவை மட்டும் திறந்து வை.

காஞ்சனா